ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 – 1949) பிரித்தானியக் கடல்சார் விலங்கியலாளரும் படகு ஆய்வாளரும் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, சங்கு ஆகியவற்றை ஆராய்ந்த இவர், 1918 முதல் 1924 வரை சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்தார். இவர் பணியாற்றிய தூத்துக்குடி அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1986 இல்தான் தனி மாவட்டமானது. இன்று படகுகள் பற்றிய நூல்களாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் கடலுயிர்களைத் தொட்டி நீரில் உயிருடன் வைத்துக் கவனிப்பதே இவருடைய தொடக்ககாலத் தொழிலாக இருந்தது.

தொடக்க காலம்

1890களில் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவில், ஜோசப் சினெல் என்ற இயற்கையியலாளருடன் சேர்ந்து ஹோர்னெல் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். கடலுயிர்களைப் பதப்படுத்தி, நுண்ணோக்கி வில்லைகளாக்கி மாணவர்களுக்கு வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று.

முத்துச்சிப்பி ஆய்வு

இலங்கையில் 1891 க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சிப்பிகள் ஏன் அழிகின்றன என்பதை அறிய 1902 இல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவருடன் உதவியாளராக வந்த ஹோர்னெல், அவர் திரும்பிய பின்னும் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். காலி நகரில் அமைந்த ஆய்வுகூடத்தில் சிப்பிகள் உயிருடன் வைத்துக் கவனிக்கப்பட்டன. இவ்வாய்வின் அறிக்கை 1903 – 1906 இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

முத்துச்சிப்பிக்கு ஒட்டிக்கொள்ளக் கடினமான தளம் வேண்டும். மணல் மூடினால் அது மூச்சடைத்து இறந்துவிடும். மீனவர் மொழியில் பார் எனப்படும் கடலடிப் பாறைத்தளங்களில் சிப்பிகள் வாழ்வதற்கு இதுவே காரணம். பார்களில் கற்களை இடுதல், நெருக்கமாக வளரும் இளஞ்சிப்பிகளை வேறு பாருக்கு மாற்றுதல் ஆகிய பரிந்துரைகள் இதிலிருந்து எழுந்தன. முத்து உருவாவதற்கு நாடாப்புழுவின் இளவுயிரியே காரணம் என்ற இவர்களுடைய கருத்து மட்டும் பிற்காலத்தில் நிலைக்கவில்லை.

தொட்டியும் ஆறும்

வீட்டில் மின்னெக்கி இல்லாத காலம் அது. எனினும் கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியவை அன்றும் இன்றும் ஒன்றே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நெல்லை வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை நன்னீரால்தான் ஈடுசெய்யவேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். வெப்பம் கூடினால் நீரில் கரையும் ஆக்சிசன் குறையும். எனவே காற்றேற்றமும் நீரோட்டமும் தேவை. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே மீனை விடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. இன்று கரிமக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியும், உப்படர்த்தியை அளக்கும் மானியும் கிடைக்கின்றன. செப்புக்குடத்தில் கடல்நீர் கொண்டுவருதல் கூடாது; சிப்பி, இறால் போன்றவற்றிற்குச் செம்பு நஞ்சாகும்.

நீரை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கு நீர் கலங்கி, உப்பும் குறைந்துவிடும். பவளத்தையும் அங்கிருந்து எடுக்கவியலாது. வளைகுடாத் தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

தூத்துக்குடியும் சென்னையும்

சென்னை அரசின் பணியில் சேர்ந்த ஹோர்னெல், முத்து, சங்குக் குளிப்பைக் கண்காணித்தார். சங்கு பற்றிய இவரது நூல் 1914 இல் வெளியானது. குளிப்போரின் வேலை முறை, அளவிற் சிறிய சங்குகளைக் கடலிலேயே விடும் விதி, வளையல் செய்ய வங்காளத்திற்குச் செல்லும் வணிகம் ஆகியவற்றை அது விரிவாகக் கூறுகிறது. ஆற்று வண்டலால் கடல் விலகி உள்நாட்டு ஊராகிவிட்ட கொற்கையில் கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகளைக் கொண்டு, பழங்காலத்தில் அங்கு வளையல் தொழில் நடந்ததை எடுத்துக்காட்டியது இந்நூலின் சிறந்த பகுதி எனலாம்.

சென்னை மெரினாவில் 1909 இல் கடல்நீர் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இது எட்கர் தர்ஸ்டனின் எண்ணத்தில் உருவானது, ஹோர்னெல் நிறுவியதன்று. 1919 இல் மீன்வளத்துறையின் பொறுப்புக்கு மாறியபோது அத்துறையின் இயக்குநராக இருந்தவர் ஹோர்னெல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

பிற்காலம்

பணி ஓய்வுக்குப் பின் 1924 – 25 இல் பசிபிக் ஆய்வுப் பயணத்தில் கலந்துகொண்டார். ஓசியானியாவின் ஓடங்கள் பற்றி ஹேடனுடன் எழுதிய நூல் 1936 – 38 இல் வெளிவந்தது. நீர்வழிப் போக்குவரத்து பற்றிய நூல் 1946 இல் வெளியானது. 1949 இல் ஹோர்னெல் காலமானார். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1973 இல் வளர்ப்பு முத்துகளையும், 1981 இல் தொட்டிகளில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கினர்.