விக்கிரம் சாராபாய்

செங்கற்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையில் மீனவர் ஊர்கள் பல உள்ளன. அங்கு வாழ்வோர்க்குக் கடலே வயல், புயலே பகை. வங்கக் கடலில் எழும் புயல் எப்பொழுது, எத்திசையில் வரும் என்பதை முற்காலத்தில் உறுதியாகக் கூற இயலவில்லை. இன்றோ, அதன் போக்கைச் செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து இடையறாது காட்டுகின்றன. வறுமை மிக்க நாடு விண்வெளி ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிடுதல் தகுமோ என்று பலர் ஐயுற்ற காலத்தில், தகும் என்று துணிந்து வழி வகுத்தவர் விக்கிரம் சாராபாய் ஆவார்.

இவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், துணி ஆலை நடத்திய பெருஞ்செல்வர்; தாயார் சரளா தேவி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற விக்கிரம், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பினார். பெங்களூரில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942இல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். ஆலைச் செல்வத்தில் இன்புற்று வாழ்ந்திருக்கக் கூடியவர், அறிவுத் துறையின் அரிய உழைப்பை விரும்பி ஏற்றார்.

1962இல் அமைக்கப்பெற்ற இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்கு அவர் தலைவரானார். புவியின் காந்த நடுக்கோட்டின் அருகில் இருந்தமையால், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் இராக்கெட்டு ஏவுதற்கு ஏற்றதாயிற்று. அவ்வூர் மக்கள் தம் கிறித்தவ ஆலயத்தையும் நிலத்தையும் நாட்டுக்காக விட்டுக் கொடுத்தனர். ஆலயமே பணிமனையாயிற்று, இராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியிலும் சென்றன. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவில் செய்யப்பெற்ற சிறு இராக்கெட்டு ஒன்று அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது.

பசித்தோர்க்கு உணவும், சிற்றூர்களுக்குக் குடிநீரும் பள்ளியும் வேண்டியிருக்க, இச்செலவு எதற்கு என்று கேட்டோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. வரிப்பணத்தில் ஏழையின் உழைப்பும் கலந்திருக்கிறது அன்றோ? சாராபாய் இதனை நன்கு உணர்ந்திருந்தார். நிலவுக்கு மனிதரை அனுப்புவதில் வல்லரசுகளோடு போட்டியிடுதல் அவர் நோக்கமன்று. வானிலை அறிதல், கல்வி பரப்புதல், தொலைவிலுள்ள ஊர்களை இணைத்தல் ஆகிய பணிகளில் புதிய அறிவியலைப் பயன்படுத்தினால், பிற நாடுகள் நெடுங்காலம் நடந்த வழியை நாம் விரைவில் கடக்கலாம் என்று அவர் கருதினார்.

1966இல் ஓமி பாபா மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயை வந்தடைந்தது. அவர் தலைமைக் காலத்தில், 1971இல், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. ஆயின், தாம் நட்ட மரத்தின் கனியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், தும்பாப் பணிக்காகச் சென்றிருந்தபோது, கேரளத்துக் கோவளத்தில் 52ஆம் வயதில் உயிர் நீத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1975-76இல், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 சிற்றூர்களில் கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்தது. அவர் திட்டமிட்ட பணியே அது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அதன் வருகை சில நாள்களுக்கு முன்னரே அறியப்பட்டது. கடலுக்குச் செல்ல வேண்டா என்று மீனவர் எச்சரிக்கப்பட்டனர். மீன் மிகுதியாகக் கிடைக்கக் கூடிய இடங்களையும் செயற்கைக்கோள் தரும் செய்தியைக் கொண்டு இன்று மீனவர்க்கு அறிவிக்கின்றனர். எனினும், செயற்கைக்கோள் தானே இறங்கி வந்து படகைக் கரை சேர்ப்பதில்லை. செய்தி உரிய காலத்தில் குடிசையை எட்டினால்தான் செலவிட்ட பொருள் பயன் தரும்.

சாராபாய் மறைந்த கோவளம் மேலைக் கடற்கரையில் உள்ளது. அப்பெயருடைய மீனவர் ஊர் நம் கீழைக் கடற்கரையிலும் உள்ளது. நாட்டின் செல்வத்தால் எளியோர்க்கு என்ன நன்மை என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு அஞ்சாது, செயலால் விடை காண முயன்ற சாராபாயின் வாழ்வு நாம் போற்றத் தக்கதாகும்.