தூத்துக்குடி - கொழும்பு: ஒரு கப்பல் கம்பனியின் கதை

சாம்பல்தீவில் எங்களுக்கு வ. உ. சிதம்பரம்பிள்ளை என்றால் சிறையில் செக்கிழுத்த தியாகிதான் நினைவுக்கு வருவார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட நிர்வாகியையும் நான் அதே அளவு மதிக்கிறேன்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வழக்கறிஞர். 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். ஆனால் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குத் தந்த ஷா லைன் நிறுவனமும் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் நெருக்குதலால் பின்வாங்கியது. சேவை நின்றுவிடாமல் கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். இரவல் கப்பலை நம்பிப் பிழைக்க முடியாது என்று கண்டு, ஊர் ஊராகப் பங்கு திரட்டி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைக் கம்பனிக்குச் சொந்தமாக்கினார்.

வெள்ளையர் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. அந்தப் போட்டியைத் தாங்கிய கம்பனி, 1908 மார்ச்சில் அவர் கைதானதைத் தாங்கவில்லை. 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசெம்பரில் விடுதலையாகி வந்தவர் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தார். 1936இல் காலமானார்.

கப்பலை மாற்றினார், கம்பனியின் அடித்தளத்தையே மாற்றினார். தனக்கு மாற்றாக ஒருவரை உருவாக்க மட்டும் காலம் விடவில்லை. ஒரே ஆளை நம்பி நடக்கும் எங்கள் சங்கங்கள் இதை யோசிக்கவேண்டும்.