எல்லாமே வெள்ளைதான்... பனியின் வகையைச் செயற்கைக்கோள் எப்படிப் பிரிக்குது? வழிகாட்டிய இசைக்கலைஞர் ஹெர்ஷெல்!

இமயமலையில் எது புதுப்பனி, எது பழைய பனி, எது மேகம்? நம்ம கண்ணுக்கு மேலிருந்து பார்த்தால் எல்லாமே வெள்ளைதான். ஆனால் செயற்கைக்கோள்கள் இதைப் பிரித்து வரைபடமே போட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான் இதற்குக் காரணம். அதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷெல்.

யார் இந்த ஹெர்ஷெல்?

1738-ல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ இசைக்குழுவில் வாசித்தவர். 1757-ல் போர்க்காலத்தில் இங்கிலாந்து போன ஹெர்ஷெல், பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தும் இசை சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார்.

இரவானால் வானம் பார்ப்பதுதான் வேலை. தொலைநோக்கிக்கான ஆடிகளைத் தானே தேய்த்துச் செய்தார். பாதியில் கையை எடுக்க முடியாத நேரத்தில் தங்கை கரோலின்தான் சாப்பாடு ஊட்டிவிடுவார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு தர, இசைத் தொழிலை விட்டு முழுநேர வானியலுக்கு வந்துவிட்டார்.

வெப்பமானி காட்டிய ரகசியம்

1800-ல் அவருக்கு வயது 61. நிறக் கண்ணாடிகள் வழியாகச் சூரியனைப் பார்த்தபோது, சிலவற்றில் வெளிச்சம் குறைவு, ஆனால் சூடு அதிகம். ஏன் அப்படி? முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். ஊதாவை விடச் சிவப்பில் சூடு அதிகம். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் அதைவிட அதிகம்!

பனிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

சுத்தமான புதுப்பனி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். நாள் ஆக ஆக, உருகி உறைந்து பனித்துகள்கள் பெரிதாகும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பெரிய துகள்கள் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும் என்பதால், அந்த அலைநீளத்தில் பழைய பனி மங்கலாகத் தெரியும். 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பனி கிட்டத்தட்டக் கறுப்பு, நீர்த்துளி மேகம் வெளிச்சம். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளிலும் இந்த அலைநீளத்தைப் பார்க்கும் கேமரா உண்டு.

பழைய பனி வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் சீக்கிரம் உருகும். சிந்து, கங்கை ஆறுகளுக்கு உருகுநீர் எப்போ, எவ்வளவு வரும் என்று கணிக்க, பனியின் வகை தெரிவது அவசியம்.

கடைசிவரை தெரியாத உண்மை

ஒளியும் இந்த வெப்பக் கதிரும் ஒன்றுதான் என்றே ஹெர்ஷெல் முதலில் நினைத்தார். அதே ஆண்டில் மேலும் பல சோதனைகள் செய்துவிட்டு, இரண்டும் வேறு வேறு என்று முடிவை மாற்றிக்கொண்டார். முதலில் நினைத்ததே சரி என்பது அவர் இறந்த பிறகுதான் உறுதியானது. 1822 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில், ஸ்லவ் ஊரில் காலமானார். முடிவு தவறினாலும் வெப்பமானியில் அவர் எடுத்த அளவு தவறவில்லை. இன்றைய பனி வரைபடங்களுக்கு அந்த அளவுதான் தொடக்கம்.