தூரிகை பிடித்த கை

வல்ல நாயன் தன் படைப்பினங்களுள் மனிதனுக்கு அளித்துள்ள அருட்கொடைகள் எண்ணிலடங்கா. அவற்றுள் கைத்திறனும் ஒன்று. ஒருவனுடைய கை இரும்பை வளைக்கின்றது. மற்றொருவனுடைய கை நூலை நெய்கின்றது. இன்னொருவனுடைய கை தாளில் கோடுகளை இழுத்து, கண்ட காட்சியைக் கண்முன் நிறுத்துகின்றது. இவை யாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டு வாழ்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம். எனவே, பிள்ளையின் கையில் இறைவன் வைத்த திறமை எதுவென்று கண்டறிவது பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாகும்.

ஆனால், நம் இல்லங்களில் நடப்பது என்ன? பாடப் புத்தகத்தின் ஓரத்தில் பிள்ளை படம் வரைந்தால், அது பொழுதைப் பாழாக்கும் வேலை என்று கண்டிக்கின்றோம். அவன் எந்தத் தொழிலுக்கு உரியவன் என்று அவனே தேடிப்பார்க்க நாம் கால அவகாசம் அளிப்பதில்லை. அவ்வாறு தேடித் தேடித் தன் வழியைக் கண்ட ஒருவருடைய வாழ்வை இவ்வாரம் நினைவுகூர்வோம். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும், அவரை வளர்த்த கைகளுள் நம் சமுதாயத்துப் பெண்மணி ஒருவருடைய கையும் உண்டு. அவரே நாமக்கல் கவிஞர் என்று தமிழுலகம் போற்றும் வெ. இராமலிங்கம் பிள்ளை.

வளர்ப்புத் தாய்

அன்றைய சேலம் மாவட்டத்தில், காவிரிக் கரையில் அமைந்த மோகனூரில், 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை வெங்கடராமப் பிள்ளை காவல் துறையில் பணியாற்றியவர். தாயார் அம்மணியம்மாள். அவ்விணையருக்கு எட்டாவது குழந்தையாக வந்தவர் அவர்.

அக்குழந்தையைத் தம் சொந்தப் பிள்ளையைப் போன்று சீராட்டி வளர்த்தவர் பதூலா பீவி என்னும் முஸ்லிம் பெண்மணி. பெற்றவள் ஒரு மார்க்கத்தவள், வளர்த்தவள் வேறொரு மார்க்கத்தவள் என்ற பேதம் அவ்விரு வீடுகளுக்கிடையே இருக்கவில்லை. ஹலீமா நாயகியார் முதுமையில் தம்மைக் காண வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். வளர்ப்புத் தாயின் உரிமை எத்தகையது என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. பதூலா பீவி ஊரறிந்த பெரிய மனுஷி அல்லர்; அண்டை வீட்டுக் குழந்தைக்கு அன்பை ஊட்டியவர், அவ்வளவே. அக்குழந்தை பிற்காலத்தில் ஒரு மாநிலத்தின் அரசவைக் கவிஞராகும் என்று அவர் கண்டிருக்க நியாயமில்லை.

திருச்சியில் கல்வி

நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வியை முடித்த இராமலிங்கம், கல்லூரிப் படிப்பிற்காகத் திருச்சிராப்பள்ளிக்கு வந்து பிஷப் ஹீபர் கல்லூரியில் சேர்ந்தார். 1909ஆம் ஆண்டில் அவர் அங்கு மாணவர். 1826ஆம் ஆண்டில் திருச்சியில் நீரில் மூழ்கி உயிர்நீத்த ஆங்கிலப் பாதிரியார் ஹீபரின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. இன்று புத்தூரில் நாம் காணும் கல்லூரி 1966ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டதாகும்; பழைய கல்லூரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்தை அடுத்து விளங்கியது.

திருச்சி எத்தகைய ஊர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நகரின் நடுவே தனித்து நிற்கும் பாறைக்குன்று, ஒரு புறம் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம், வடக்கே காவிரி, அதற்கப்பால் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கம். கண்ணால் கண்டதைக் கையால் வரையும் நாட்டமுள்ள இளைஞனுக்கு இவ்வூரை விடச் சிறந்த பாடசாலை வேண்டுமோ!

அக்காலத்தில் ஓவியம் கற்க விரும்புவோருக்குச் சென்னையில் கலைப்பள்ளி ஒன்று இருந்தது. அது 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவரால் தொடங்கப்பட்டது. ஆனால், இராமலிங்கம் அதில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். பார்த்தும், வரைந்தும், அழித்தும், மீண்டும் வரைந்தும் தாமே தம்மைப் பயிற்றிக் கொண்டவர்.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து நம் மார்க்க மேதைகளிடையே நெடுங்காலமாக ஆய்வுரைகள் உண்டு. அது தனியே விரித்து எழுத வேண்டிய பொருள். இங்கு நாம் கருதுவது, தன்னிடமிருந்த திறமையை ஓர் இளைஞன் எவ்வாறு பேணினான், எதற்குப் பயன்படுத்தினான் என்பதையே.

தந்தையின் விருப்பமும் தனயனின் நாட்டமும்

காவல் துறையில் ஊறிய தந்தைக்கு மகனும் அத்துறையில் அதிகாரியாக வேண்டும் என்பது ஆசை. அது தவறான ஆசையன்று. நிலையான ஊதியம், ஊரில் மதிப்பு, முதுமையில் ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் அத்தந்தை தம் மகனுக்காக விரும்பினார். மகனுக்கோ அதில் மனம் ஒப்பவில்லை. எனினும், அவர் சோம்பித் திரியவுமில்லை. நாமக்கல் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். இரண்டிலும் அவர் உள்ளம் நிலைகொள்ளவில்லை. இறுதியில் ஓவியத்தையே தொழிலாக ஏற்றார்.

இம்முடிவு எளிதன்று. வண்ணப் புகைப்படம் இல்லாத காலம் அது. வீட்டுப் பெரியவர்களின் உருவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிச் சட்டமிட்டு மாட்டிவைப்பது செல்வர் இல்லங்களின் வழக்கம். அத்தகைய வேலை கிடைத்தால் கையில் பணம் புரளும். கிடைக்காவிடில் மாதங்கள் வறட்சியாகக் கழியும். முதல் தேதியில் சம்பளம் வாங்கும் எழுத்தருக்கு இக்கவலை கிடையாது. இதனை அறிந்தே அவர் தூரிகையைத் தேர்ந்தார்.

1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பார் தில்லியில் நடைபெற்றது. அதனையொட்டி இராமலிங்கம் வரைந்த ஓவியத்திற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இருபத்து மூன்று வயது நிரம்பிய இளைஞருக்கு இதனினும் பெரிய வாயில் திறக்க முடியுமா? அரசரின் தயவைப் பற்றிக்கொண்டு அவர் வளமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவர் சென்ற வழி வேறு.

ஓவியர் கவிஞரானார்

ஓவியத்தோடு கவிதையும் அவருள் உடன் வளர்ந்தது. செட்டிநாட்டுப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, புதுச்சேரியை விட்டு வந்திருந்த மகாகவி பாரதியாரை அவர் கானாடுகாத்தானில் சந்தித்தார். ஓவியராகவே அறிமுகமான அவரிடம் பாரதியார் பாட்டொன்றைக் கேட்டுச் செவிமடுத்தார், உளமாரப் பாராட்டினார். தான் யார் என்பதை மனிதன் சில வேளைகளில் பிறர் வாயிலாகவே அறிகின்றான். இராமலிங்கம் பிள்ளைக்கு அத்தகைய வேளை அது. அதன்பின் தூரிகையினும் எழுதுகோலே அவர் கையில் மிகுதியாக விளங்கிற்று.

முதலில் திலகரின் வழியில் ஈடுபாடு கொண்டிருந்தவர், பின்னர்க் காந்தியடிகளின் அறப்போரைத் தம் கொள்கையாக ஏற்றார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்டனர். அவர்கள் புறப்பட்ட இல்லம், ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரான டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களுடையது. ஏறத்தாழ 150 மைல் நடை. வழியில் அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியராயிருந்த தார்ன் அறிவித்திருந்தார். அப்பயணத்தில் தொண்டர்கள் பாடிச் செல்வதற்கென இராமலிங்கம் பிள்ளை ஒரு பாடல் இயற்றித் தந்தார். ஆயுதம் ஏந்தாமலும் குருதி சிந்தாமலும் நடக்கின்ற புதுமைப் போரைப் பற்றிய பாடல் அது. அவ்வோவியரின் பெயரை நாடறியச் செய்தது அப்பாடலே. அறிவிப்புக்கு அஞ்சாத ஊர்மக்கள் தொண்டர்களுக்கு மறைவாக உணவளித்தார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பெடுக்கப்பட்டது.

இரண்டாண்டுகள் கழித்து, 1932இல் அவர் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். எந்த மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அவர் பதக்கம் பெற்றாரோ, அதே மன்னரின் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. திறமை அதே திறமைதான். கையும் அதே கைதான். அது எவருக்காக உழைத்தது என்பதில்தான் மாற்றம். திறமை பெற்ற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் அடங்கியுள்ளது.

பெற்றதைப் பிறர்க்கு அளித்தல்

அவருடைய வாழ்வில் நம் கருத்தைப் பெரிதும் கவரும் செய்தி ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டில் நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன் என்னும் சிறுவனிடம் சித்திரம் வரையும் ஆற்றல் இயல்பாக அமைந்திருந்தது. அதனைக் கண்ட கவிஞர், சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்து முறையாகப் பயிலுமாறு அவனுக்கு ஆலோசனை கூறினார். அப்போது அப்பள்ளியின் தலைவராயிருந்தவர் புகழ்பெற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரிடம் பயின்று வெளிவந்த அம்மாணவர் ஆனந்த விகடன் இதழில் சித்திரக்காரரானார். அங்கு மூத்த ஓவியர் மாலி அவருக்குச் சூட்டிய பெயரே 'சில்பி'. தென்னாட்டுக் கோயில்களின் கல்வடிவங்களை உள்ளவாறே கோட்டுச் சித்திரங்களாக்கிய சில்பி, 1983ஆம் ஆண்டில் மறைந்தார்.

தாம் நுழையாத கலைப்பள்ளியின் வாசலை மற்றொரு பிள்ளைக்குக் காட்டிவிட்டவர் இராமலிங்கம் பிள்ளை. தமக்குக் கிடைக்காதது பிறர்க்குக் கிடைக்கட்டும் என்று எண்ணுவதற்கு விரிந்த உள்ளம் வேண்டும். அண்டை வீட்டுக் குழந்தையைத் தன் மடியில் ஏந்திய ஒரு தாயின் கைகளில் வளர்ந்தவர் அவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்ப்பது தகும்.

நாடு விடுதலையடைந்தபின், 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு அவரை அரசவைக் கவிஞராக அமர்த்தியது. சட்ட மேலவை உறுப்பினராகவும் அவர் விளங்கினார். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' புதினம் 1954இல் திரைப்படமாயிற்று. தம் வரலாற்றை 'என் கதை' என்ற நூலாக எழுதிவைத்தார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், மறு ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் இவ்வுலகை நீத்தார். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தில் உள்ள பத்து மாடிக் கட்டடம் இன்று நாமக்கல் கவிஞர் மாளிகை என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் நாற்காலி தமக்கு ஏற்றதன்று என எழுந்தவரின் பெயர், மாநிலத்தின் கோப்புகளெல்லாம் வந்து சேரும் மாளிகைக்கு அமைந்தது!

நமக்குரிய படிப்பினை

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எழுத்தராகவோ ஆசிரியராகவோ அதிகாரியாகவோ ஆவதில் இழிவில்லை. அவை யாவும் ஹலாலான உழைப்பே. ஆனால், அவனுடைய கை வேறெதையோ நாடுமானால், அதனைக் கடிந்து ஒடுக்கிவிடாதீர்கள். அது பொழுதுபோக்கா, வாழ்வுக்கு உதவும் தொழிலா என்று பொறுமையுடன் பார்த்து வழிகாட்டுங்கள். அரபு எழுத்தணியும் பூவேலையும் நம் முன்னோர் உலகுக்கு ஈந்த கலைகள் அல்லவா? நூல்களுக்குப் படம் அமைப்பதும், துணிக்கு வடிவம் தீட்டுவதும், கட்டடத்திற்கு வரைபடம் இடுவதும் இன்று நேர்மையான பிழைப்பைத் தரும் தொழில்களே.

இளைஞர்களே! ஒரு வேலையை விட்டு மற்றொன்றைத் தேடுவது குற்றமன்று. தேடும் காலத்தில் சும்மா இருப்பதே குற்றம். இராமலிங்கம் பிள்ளை தேடிய நாட்களிலும் உழைத்தார், வரைந்தார், எழுதினார். நீங்கள் பெற்ற திறமையை எவருடைய தயவுக்காகவும் விற்றுவிடாதீர்கள். அதனால் நீங்கள் உயர்ந்தபின், உங்கள் தெருவில் உள்ள மற்றொரு பிள்ளைக்கு வாசலைக் காட்டுங்கள்.

அண்டை வீட்டாரின் பிள்ளையையும் தம் பிள்ளையாகக் கருதிய பதூலா பீவி போன்ற தாய்மார்களை நம் இல்லங்கள்தோறும் வல்ல இறைவன் பெருகச் செய்வானாக! நம் மக்களின் கைகளுக்கு நன்மையான தொழிலையும், அதில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.