தரவுக்கு ஒழுங்கு தந்த அறிஞர்

கணினியில் சேமித்த தரவைப் பெற விரும்புவோர், அது எங்கே, எவ்வழியில் அடுக்கப்பட்டுள்ளது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சேமிப்புமுறை மாறினால் அதனை நம்பி எழுதிய நிரல்களும் பயனற்றுப் போகும். 1960களில் நிலவிய இந்நிலையை மாற்றியவர் எட்கர் ஃபிராங்க் காட்.

இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் வானூர்தி ஓட்டினார். 1948இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். செனட் உறுப்பினர் மக்கார்த்தியின் செயல்களால் சினமுற்று, 1953இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் திரும்பினார். நாற்பது வயதைக் கடந்தபின், 1965இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தரவை அட்டவணைகளாக அமைத்தால், வேண்டுவது எது என்று மட்டும் கேட்டுப் பெறலாம் என 1970இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் நிறுவினார். பழைய முறையால் வருவாய் ஈட்டிவந்த அவருடைய நிறுவனமோ புதிய முறையை ஏற்கத் தயங்கியது. காட் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, தொடர்ந்து வாதிட்டார். அக்கொள்கையின் அடிப்படையில் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் அறிமுகப்படுத்திய வினவல் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்றது.

அம்மொழியில் உள்ள 'வியூ' என்னும் காட்சி, காட்டின் எண்ணத்தைத் தெளிவாக விளக்கும். பள்ளி அட்டவணை ஒன்றில் மாணவர் பெயர், வகுப்பு, முகவரி, மதிப்பெண் ஆகியன உள்ளன எனக் கொள்வோம். நூலகருக்குப் பெயரும் வகுப்பும் போதும். 'கிரியேட் வியூ' என்று தொடங்கிக் காட்சிக்குப் பெயரிட்டு, 'ஆஸ்' என்னும் சொல்லை அடுத்து அவ்விரண்டையும் கேட்கும் 'செலக்ட்' வினவலை எழுதினால் காட்சி உருவாகும். காட்சி தரவைத் தனியே சேமிப்பதில்லை, வினவலையே சேமிக்கிறது. மூல அட்டவணையில் செய்யும் திருத்தம், அடுத்தமுறை காட்சியைத் திறக்கும்போது அதிலும் தோன்றும். நூலகருக்குக் காட்சியைக் காண மட்டும் உரிமையளித்தால், மாணவரின் முகவரியும் மதிப்பெண்ணும் மறைவாகவே இருக்கும்.

1981இல் டூரிங் விருது பெற்ற காட், உறவுநிலைத் தரவுத்தளத்திற்குரிய விதிகளை 1985இல் வகுத்தளித்தார். கோட்பாட்டின்படி திருத்தத்தக்க காட்சிகள் அனைத்தையும் திருத்த மென்பொருள் இடந்தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அவர் மறைந்தார். உள்ளமைப்பின் சிக்கலைப் பயன்படுத்துவோர்மீது சுமத்தலாகாது என்னும் அவரது கொள்கை, இன்றும் நாம் எழுதும் ஒவ்வொரு வினவலிலும் வாழ்கிறது.