தேசிங்கு ராஜன்

தேசிங்கு ராஜன் (இறப்பு: அக்டோபர் 3, 1714) செஞ்சிக் கோட்டையை ஆண்ட இராசபுத்திர வீரர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங். ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்த்துப் போரிட்டு, ஏறத்தாழ 22 வயதில் உயிர்நீத்தார். இவர் ஆண்ட செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ளது.

பின்னணி

மராத்தியர் வசமிருந்த செஞ்சியை முகலாயர்கள் 1690 முதல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கைப்பற்றினர். பின்னர் புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப் சிங் என்பவரை அவுரங்கசீப் கோட்டைத் தலைவராக நியமித்தார். தேசிங்கு இவருடைய மகன். தந்தை இறந்தபின் செஞ்சிக்கு வந்த தேசிங்கு, முகலாயப் பேரரசரின் புதிய ஒப்புதலைப் பெறாமலேயே பொறுப்பை ஏற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பல ஆண்டுகளாகச் செலுத்தப்படாத கப்பத்தைக் கேட்டார். தேசிங்கு கொடுக்க மறுத்தார். போர் மூண்டது.

போர்

மூன்று மலைகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை முகலாயப் படையையே எட்டு ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது. எனவே கோட்டைக்குள் இருந்தபடி போரிடுவதே பாதுகாப்பான வழியாக இருந்தது. ஆனால் தேசிங்கு வெளியே சென்று தாக்குவதையே தேர்ந்தெடுத்தார். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்ததால் அவரது படையினர் பலரால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. நண்பரும் தளபதியுமான மகபத் கானும் சிறு குதிரைப்படையும் மட்டுமே அவருடன் மறுகரை சேர்ந்தனர். எஞ்சியோருக்காகக் காத்திராமல் இச்சிறு படையுடனேயே தேசிங்கு தாக்குதலைத் தொடங்கினார். போர் உத்தி என்ற வகையில் இது பெரும் பிழையே. எனினும் தாக்குதலின் வேகத்தில் நவாபின் முன்னணிப்படை நிலைகுலைந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான தௌலத் கான் கொல்லப்பட்டார். மகபத் கான் வீழ்ந்த பின்னரும் தேசிங்கு பின்வாங்கவில்லை. குதிரையின் கால்கள் வெட்டப்படவே தரையில் நின்று போரிட்டு, இறுதியில் குண்டடிபட்டு இறந்தார். அவரது ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

இவரது இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகச் சாதத்துல்லா கான் பாலாற்றின் கரையில் அமைத்த ஊரே இராணிப்பேட்டை. வென்றவரே தோற்றவரின் மனைவிக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

கதைப்பாடல்

இவரது வரலாறு தேசிங்குராஜன் கதை என்னும் கதைப்பாடலாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. வடக்கிலிருந்து வந்து சில மாதங்களே ஆண்ட ஒருவரைத் தமிழ் மக்கள் தம் வீரராக ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது. இந்துவான தேசிங்குக்கும் இசுலாமியரான மகபத் கானுக்கும் இடையேயான நட்பு இதில் சிறப்பிடம் பெறுகிறது. திருமணக் கோலத்தில் இருந்த மகபத் கான், போர்ச் செய்தி கேட்டதும் மணப்பந்தலை விட்டு வந்ததாகக் கதை கூறுகிறது. எதிரியின் குண்டுக்கு இரையாகாமல், தம் வாளை மேலே எறிந்து அதைத் தாமே மார்பில் ஏற்று தேசிங்கு இறந்ததாகவும் அது பாடுகிறது; இதனை வரலாறாகக் கொள்ள இயலாது.

1960-இல் வெளிவந்த ராஜா தேசிங்கு திரைப்படத்தில் எம். ஜி. ஆர். நடித்தார். செஞ்சிக் கோட்டை 2025-இல், மராத்தியர் காலக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.