அடுத்த கார் எது? – ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற மனிதரின் கதை



பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை கொண்டவர்கள் நம் குடியிருப்பிலும் சிலர் இருக்கிறீர்கள். ஒரு காரை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைத்ததுமே அடுத்தது எதை வாங்கலாம் என்ற யோசனை வந்துவிடும் என்று நீங்களே சொல்வீர்கள். அந்த ஒரே கேள்வியைப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வாழ்க்கையை இந்த இதழில் சொல்கிறேன். கார் பிரியர் இல்லாதவர்களும் படிக்கலாம். இதில் கார் பாதி, கணக்கு பாதி.

அவர் பெயர் ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப். 1906-ல் இத்தாலியில் பிறந்தவர். அண்ணன் ஹான்ஸ் இரண்டு வயது மூத்தவர். தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். தாய் ழான், இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியின் மூலூஸ் நகரைச் சேர்ந்தவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே குடும்பம் மூலூசுக்கு வந்துவிட்டது. தந்தை சீக்கிரமே காலமானார். அதன்பின் இரண்டு மகன்களுக்கும் தாய்தான் எல்லாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூலூஸ் நம்ம ஊர் கோயம்புத்தூர் மாதிரி நூற்பாலைகளால் வளர்ந்த நகரம். ஃபிரிட்ஸ் இளம் வயதில் கம்பளித் தரகராகத் தொழிலைத் தொடங்கினார். 1935-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கம்பளித் தொழிலுக்கென ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மால்மர்ஸ்பாக் என்ற ஊரின் நூற்பாலையில் பெரும்பான்மைப் பங்குகள் அவர்கள் கைக்கு வந்தன. போருக்குப் பிறகு ஒவ்வொரு ஆலையாகச் சேர்த்தார்கள். 1957-ல் மூலூஸ் நகருக்குள்ளேயே ஒரு பெரிய பழைய ஆலையை வாங்கினார்கள். அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஷ்லும்ஃப் ஆலைச் சம்பளம்தான் சோறு.

இனி காருக்கு வருவோம். மூலூசிலிருந்து வடக்கே, அதே அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1909-ல் எட்டோரே புகாட்டி தன் கார் தொழிற்சாலையைத் தொடங்கிய இடம் அது. 1924-ல் வந்த அவருடைய டைப் 35 பந்தயக் கார் அந்தக் காலத்து ரேஸ்களில் வெற்றிமேல் வெற்றி பெற்றது. ஃபிரிட்சுக்குப் புகாட்டி என்பது சொந்த மண்ணின் பெருமை. உலகப் போருக்குச் சற்று முன் அவரும் ஒரு டைப் 35-ஐ வாங்கி, அதில் போட்டிகளிலும் கலந்துகொண்டார். போருக்குப் பிறகும் ரேஸ் ஆசை விடவில்லை. முதலாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் வேலை என்ன ஆவது என்று தொழிலாளர் சங்கத்தினர் கேட்டுக்கொண்டதால் ரேஸை நிறுத்தினார் என்று சொல்வார்கள். தொழிலாளிகளின் பிழைப்பு அவருடைய கார் ஆசையோடு முட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஓட்டுவதை விட்டவர் சேர்ப்பதில் இறங்கினார். 1960களின் தொடக்கத்தில் வாங்க ஆரம்பித்தார். எதை வாங்குவது என்பதில் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. முதல் இடம் புகாட்டிக்கு. புகாட்டியிலும் ஒன்றிரண்டு அழகான மாடல் போதாது. டைப் எண் வாரியாக எல்லாம் வேண்டும். புகாட்டி தயாரித்த கார்கள் மொத்தமே சில ஆயிரம்தான். எந்த எண்ணுள்ள கார் உலகில் யாரிடம் இருக்கிறது என்று ஆர்வலர்கள் பதிவேடு வைத்திருந்தார்கள். அந்த உரிமையாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி விலை கேட்டார் ஃபிரிட்ஸ். ஒற்றைக் காருக்குப் பேரம் பேசுவதைவிட மொத்தமாக வாங்குவது லாபம் என்பது கம்பளித் தரகருக்குத் தெரியாதா?

1962-ல் மட்டும் ஏறக்குறைய 50 புகாட்டிகள் வந்து சேர்ந்தன. மறு ஆண்டு மோல்சைம் தொழிற்சாலையிடமிருந்தே எட்டோரே புகாட்டி வைத்திருந்த கார்களை வாங்கினார். அவற்றில் ஒன்று ராயல் வகை. அரசர்களுக்கென்று கட்டப்பட்ட, சுமார் 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட பிரம்மாண்டமான கார் அது. மொத்தம் ஆறுதான் கட்டினார்கள். அதிலும் மூன்றைத்தான் வாடிக்கையாளர்களுக்கு விற்க முடிந்தது.

அடுத்தது அமெரிக்கா. இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் என்ற சின்ன ஊர். அங்கே ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடம் 30 புகாட்டிகள் இருந்தன, ஒரு ராயல் உட்பட. அவற்றின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை. கடிதப் போக்குவரத்திலேயே நீண்ட பேரம் நடந்து, கடைசியில் 85,000 டாலருக்குப் படிந்தது. அன்றைய மாற்று விகிதப்படி நம் பணத்தில் சுமார் 4 லட்சம் ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு கார் 2,833 டாலர். 1964-ல் அந்த முப்பது கார்களும் திறந்த ரயில் வேகன்களில் வரிசையாக ஏறி, பிறகு கப்பலில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அந்த ராயல் ஒன்றின் மதிப்பே பல கோடி டாலர் இருக்கும். வாங்கிய விலையை வைத்துப் பார்த்தால் இவரைப் போல் கெட்டிக்காரர் கிடையாது.

1967-ல் அவரிடம் இருந்த புகாட்டிகள் மட்டும் நூறைத் தாண்டிவிட்டன. ஃபெராரி, மெர்சிடிஸ், ரோல்ஸ் ராய்ஸ், கோர்தினி என்று மற்றவையும் சேர்ந்து கடைசியில் மொத்தம் நானூறுக்கும் மேல் ஆனது. எல்லாம் அந்த மூலூஸ் ஆலைக்குள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால். நாற்பது பேர் அளவில் மெக்கானிக், தச்சர், தோல் வேலைக்காரர் என்று வைத்து ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அவர்களுக்கு நிபந்தனை. ஆலைக் கூடத்தில் தரை போட்டு, நடைபாதை அமைத்து, பாரிசின் புகழ்பெற்ற மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குக் கம்பங்களைப் போல நூற்றுக்கணக்கில் செய்து நிறுத்தினார். 1957-ல் காலமான தாயின் நினைவுக்கு இந்த அருங்காட்சியகம் என்பது அவர் எண்ணம்.

ஆனால் திறப்பு விழா மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பட்டியலில் விடுபட்ட ஒரு டைப், வேலை முடியாத ஒரு கூடம். ஆண்டுகள் ஓடின.

இங்கேதான் கணக்குப் பக்கம் வருகிறது. 1970களில் ஐரோப்பிய நெசவுத் தொழில் சரிந்தது. வெளிநாட்டு மலிவுத் துணியோடு போட்டி போட முடியவில்லை. ஷ்லும்ஃப் ஆலைகளுக்கும் புது இயந்திரம் வேண்டும், கையிருப்பு வேண்டும். இரண்டும் இல்லை. 1976-ல் சகோதரர்கள் ஆலைகளை விற்க முயன்றார்கள், ஆட்குறைப்பு தொடங்கியது, வேலைநிறுத்தம் வெடித்தது. கோபம் கொண்ட தொழிலாளர்களைப் போலீஸ் தடுத்து நிறுத்த வேண்டிய நிலை. இரு சகோதரர்களும் பக்கத்திலேயே உள்ள சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போய்விட்டார்கள். பிறகு அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

1977 மார்ச் மாதம் தொழிற்சங்கத்தினர் மூலூஸ் ஆலைக்குள் நுழைந்தார்கள். மாதச் சம்பளம் என்ன ஆகும் என்று தெரியாமல் வந்தவர்கள் கண்முன் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பளபளக்கும் நூற்றுக்கணக்கான கார்கள், பாரிஸ் விளக்குகள், சரளைக்கல் பாதைகள். புது இயந்திரத்துக்குப் பணம் இல்லை என்று சொன்ன கம்பெனியின் பணம் எங்கே போயிருக்கிறது என்பதற்கு அவர்களுக்குக் கணக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆத்திரத்தில் பழுது பார்க்காத ஒரு ஆஸ்டின் காரை எரித்தார்கள். மற்றவற்றை அவர்கள் அழிக்கவில்லை. அந்த இடத்துக்குத் தொழிலாளர் ஆலை என்று பெயர் வைத்து, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். ஃபிரிட்ஸ் செய்யாமல் தள்ளிப்போட்ட திறப்பு விழாவை அவருடைய தொழிலாளர்கள் நடத்தினார்கள்.

1978-ல் பிரெஞ்சு அரசு அந்தத் தொகுப்பு முழுவதையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதனால் கடன்காரர்கள் ஒவ்வொரு காராக ஏலம் விட்டு வெளிநாட்டுக்குச் சிதறடிக்க முடியாமல் போயிற்று. 1981-ல் அரசு, நகராட்சி, பிராந்திய அமைப்புகள், பிரான்சின் ஆட்டோமொபைல் கிளப் ஆகியவை சேர்ந்த ஒரு சங்கம் 4 கோடியே 40 லட்சம் பிராங்குக்கு அதை வாங்கியது. 1982-ல் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கூடத்தின் அளவு சுமார் 17,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 1,83,000 சதுர அடி. ஹான்ஸ் 1989-லும் ஃபிரிட்ஸ் 1992-லும் பாசெலில் காலமானார்கள். இன்றும் அந்த அருங்காட்சியகத்தின் பெயரில் ஷ்லும்ஃப் தொகுப்பு என்ற சொற்கள் உண்டு. பிரான்ஸ் போனால் அவசியம் பாருங்கள். ஆறு ராயல்களில் இரண்டு அங்கேதான் நிற்கின்றன.

இவரை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? திருடர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. 1960களில் அந்தக் கார்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பல கார்கள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. அவர் தேடி எடுத்திராவிட்டால் பாதி காயலான் கடைக்குப் போயிருக்கும். அதே சமயம், வணிகவியல் முதல் ஆண்டுப் பாடமே நிறுவனம் வேறு, முதலாளி வேறு என்பது. முதலாளியின் ஆசைக்கான செலவை நிறுவனத்தின் கணக்கில் எழுதினால், லாபம் வரும் ஆண்டுகளில் யாருக்கும் தெரியாது. நஷ்டம் வரும் ஆண்டில் அது கூலிக்காரர் வீட்டு அடுப்பில்தான் போய்த் தெரியும். நாற்பது வருடத்துக்குக் குறையாமல் லெட்ஜரோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய சரிவுகள் பெரும்பாலும் கெட்ட பொருளை வாங்கியதால் வருவதில்லை. நல்ல பொருளை, தவறான கணக்கிலிருந்து வாங்கியதால் வருகிறது.

ஆகவே, பழைய கார் வாங்கத் துடிக்கும் நண்பர்களே, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, பாடி அடியில் துரு இருக்கிறதா, உதிரி பாகம் கிடைக்குமா என்று நீங்கள் பார்ப்பீர்கள், அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக் கடன் தவணைக்கோ வைத்த பணம் என்றால் அந்தக் கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஏற்கெனவே இருக்கிற காரைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கிளப்பி, நம் குடியிருப்புப் பிள்ளைகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வாருங்கள். நானூறு கார் சேர்த்த ஃபிரிட்ஸ் அவற்றைத் தன் கையால் ஊருக்குக் காட்டாமலே போனார்.

அடுத்த இதழில் வேறொருவரின் வாழ்க்கையோடு சந்திப்போம்.